முள் பூஜ்யத்தைக் காட்டினால் குழாய் காலியா?

பிரஷர் குக்கரை ஆவி அடங்கும் முன் யாரும் திறப்பதில்லை. ஆவி போகட்டும், அப்புறம் மூடியைத் தொடு என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். அந்தக் குக்கருக்குள் இருப்பது வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 1 பார் அதிக அழுத்தம், அவ்வளவுதான். (1 பார் என்பது கடல் மட்டத்தில் சாதாரணக் காற்றின் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.) லாரி டயரில் சுமார் 8 பார். பிரிட்டனில் பொழுதுபோக்காகச் சுடுபவர்களிடம் சர்வசாதாரணமாகப் புழங்கும் 'பிசிபி' வகை ஏர் ரைஃபிளின் குழாயில் 200 பார்! புது மாடல்கள் சிலவற்றில் 250, ஏன் 300 பார்கூட உண்டு.

இந்தக் குழாயில் நாணயம் சைஸில் ஒரு பிரஷர் கேஜ் திருகப்பட்டிருக்கும். அது ஒரு நாள் பழுதாகும். உடனே ஒரு கூட்டம் வந்து, "இதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை, ஸ்பேனரைப் போட்டுத் திருகு, புதுசை மாட்டு" என்கிறது. இன்னொரு பக்கம் துப்பாக்கியுடன் வரும் கையேடு, "கைவைக்காதே, சர்வீசுக்கு அனுப்பு" என்று ஒரே வரியில் கதவைச் சாத்துகிறது. முதல் கூட்டம் ஆளைக் காயப்படுத்தும். இரண்டாவது கூட்டம்தான் முதல் கூட்டத்தை உருவாக்கி விடுகிறது. கேள்வி கேட்பதானால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

கேஜ் இல்லாத காலம்

முன்கூட்டியே காற்றை அடைத்து வைத்துக்கொண்டு சுடும் துப்பாக்கி ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1780 வாக்கில் பார்த்தலோமியோ ஜிராண்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரிய ராணுவம் பயன்படுத்தியது. அதன் அடிக்கட்டையே காற்றுக் குடுவை. அதை நிரப்பக் கைப்பம்பை ஏறக்குறைய 1,500 முறை அடிக்க வேண்டுமாம். அந்தத் துப்பாக்கியில் கேஜ் கிடையாது. இருந்திருக்கவும் முடியாது. இன்று எங்கும் பார்க்கும் கேஜின் மூல வடிவத்துக்கு பிரான்சின் யூஜின் பூர்தோன் காப்புரிமை பெற்றதே 1849-ல்தான். அதுவரை எத்தனை முறை பம்ப் அடித்தோம், எத்தனை முறை சுட்டோம் என்ற எண்ணிக்கைதான் கேஜ்.

1980-களில் பிரிட்டனில் இந்த வகைத் துப்பாக்கி மறுபிறவி எடுத்தபோதும், ஆரம்ப கால மாடல்கள் பலவற்றில் கேஜ் இல்லை. முக்குளிப்பவர்களின் சிலிண்டரிலிருந்து காற்றை நிரப்பி, ஷாட்டுகளை எண்ணிச் சுட்டார்கள். கேஜ் ஒரு வசதியாகப் பின்னால் வந்து சேர்ந்தது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வசதிக்கும் ஒரு விலை உண்டு. உயர் அழுத்தக் குழாயில் கூடுதலாக ஒரு ஓட்டை, அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு மெல்லிய கருவி. கேஜ் என்பது இதுதான்.

200 பார் என்றால் எவ்வளவு?

"துப்பாக்கியே 12 அடி-பவுண்டு சக்திதான், இதில் என்ன பெரிய ஆபத்து?" என்பது அஞ்சு நிமிஷக் கூட்டத்தின் முதல் வாதம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வாதம் அப்படியே சரிந்துவிடும்.

12 அடி-பவுண்டு என்பது சுமார் 16 ஜூல். அது ஒரு பெல்லட் குழலை விட்டு வெளியேறும்போது சுமந்து செல்லும் சக்தி மட்டும். குழாயில் இருப்பது வேறு கதை. 200 சிசி கொள்ளளவுள்ள குழாயில் 200 பார் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒரே நொடியில் விரிந்து வெளியேறினால் கிடைக்கும் சக்தி சுமார் 7,800 ஜூல். ஒரு பெல்லட்டின் சக்தியைப் போல ஏறக்குறைய 480 மடங்கு. 80 கிலோ எடையுள்ள ஒரு மனிதர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழுந்தால் தரையில் மோதும்போது இருக்கும் சக்தியும் இதே அளவுதான்.

சரி, இந்தச் சக்தியில் கேஜுக்கு வந்து சேரும் பங்கு எவ்வளவு? பரவலாகப் பயன்படும் 1/8 பிஎஸ்பி மரையின் வெளி விட்டம் 9.7 மி.மீ. அந்த வட்டம் முழுவதிலும் 200 பார் அழுத்தம் பட்டால், கேஜை வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமம். சுண்டு விரல் தடிமன்கூட இல்லாத பித்தளைத் தண்டின் மேல் இரண்டு ஆட்கள் ஏறி நிற்கிற மாதிரி! அந்த 150 கிலோவைத் தாங்கிக்கொண்டிருப்பது சில சுற்று மரை மட்டுமே. ஸ்பேனரால் ஒவ்வொரு சுற்றாகத் திருகும்போது, தாங்கும் மரை ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும். கடைசிச் சுற்று வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

பழுதான சாட்சி

இந்த விஷயத்தின் மையமே இனிமேல்தான்.

அஞ்சு நிமிஷக் கூட்டமும் "காற்றை விட்டுவிட்டுத்தான் கழற்ற வேண்டும்" என்று ஒப்புக்கொள்ளும். காற்று போய்விட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன பதில் வரும்? "முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும்."

எந்த முள்? பழுதாகிவிட்டது என்று சொல்லித்தானே அந்தக் கேஜை மாற்றப் போகிறார்கள்! பொய் சொல்கிறது என்று வேலையை விட்டு அனுப்பப்போகிற ஆளிடமே போய், "நீ போவதற்கு முன் ஒரே ஒரு உண்மையை மட்டும் சொல்லிவிட்டுப் போ" என்று கேட்பது போலத்தான் இது.

கேஜ் எப்படிப் பழுதாகும் என்று தெரிந்தால் இதன் தீவிரம் புரியும். கேஜுக்குள் இருப்பது தட்டையாக்கி வளைத்த ஒரு மெல்லிய உலோகக் குழாய். பெரிய கேஜ்களில் ஆங்கில 'C' எழுத்தைப் போல வளைந்திருக்கும். உயர் அழுத்தத்துக்கான குட்டி கேஜ்களில் ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டிருப்பதும் உண்டு. அழுத்தம் உள்ளே ஏறும்போது அந்த வளைவு கொஞ்சம் நிமிர முயலும். அந்தச் சின்ன அசைவைத்தான் முள் பெரிதாக்கிக் காட்டுகிறது. இந்தக் குழாய்க்குக் காற்று போகும் வழி ஊசித் துளை போல இருக்கும். அழுத்தம் திடீரென்று தாக்காமல் இருப்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் சிறியதாக வைப்பார்கள். அந்தத் துளையில் கிரீஸோ, ஓ-ரிங்கின் துணுக்கோ, டேப்பின் பிசிறோ போய் அடைத்துக்கொண்டால் முடிந்தது. குழாயில் 200 பார் இருக்க, முள் பூஜ்யத்தில் நிம்மதியாகத் தூங்கும். முள் தன் அச்சிலிருந்து நழுவியிருந்தாலும் இதே கதை. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தடுப்பு ஊசியில் முள் சாய்ந்து நின்றுவிட்டாலும் இதே கதை.

"அப்படியானால் வெறுமனே சுட்டுச் சுட்டுக் காற்றைத் தீர்த்துவிடலாமே" என்பது அடுத்த பதில். பெரும்பாலான நேரம் இது வேலை செய்யும். இந்த 'பெரும்பாலான நேரம்' என்ற சொல்லில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

பிசிபி துப்பாக்கியில் ஒரு சுத்தியல் வால்வைத் தட்டுகிறது. வால்வு கண நேரம் திறந்து கொஞ்சம் காற்றை விடுகிறது. அந்த வால்வை மூடிப் பிடித்திருப்பதில் பெரும் பங்கு குழாயின் அழுத்தத்துக்குத்தான். அழுத்தம் அளவுக்கு மீறினால் சுத்தியலால் வால்வைத் திறக்கவே முடியாது. ட்ரிகரை அழுத்தினால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், காற்று வராது. 'வால்வ் லாக்' என்று சுடுபவர்கள் சொல்வது இதைத்தான்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கேஜ் குறைத்துக் காட்டுகிறது. உரிமையாளர் அந்த முள்ளை மட்டும் நம்பி மேலும் மேலும் காற்றேற்றுகிறார். குழாயில் அழுத்தம் எல்லை மீறுகிறது, வால்வு பூட்டிக்கொள்கிறது. பிறகு முள் மொத்தமாகச் செத்து பூஜ்யத்துக்கு விழுகிறது. அவர் சுட்டுப் பார்க்கிறார், காற்று வரவில்லை. முள்ளும் பூஜ்யம், துப்பாக்கியும் மௌனம். ஆக இரண்டு சாட்சிகளும் ஒரே வாக்குமூலம்: "குழாய் காலி." அவர் ஸ்பேனரை எடுக்கிறார்...

உள்ளே இருப்பது வழக்கமான 200 பார்கூட இல்லை, அதற்கும் மேலே. இரண்டு பொய்ச் சாட்சிகள் ஒத்துப்போனால் அது உண்மையாகிவிடாது.

ரெகுலேட்டர் உள்ள துப்பாக்கிகளில் இன்னொரு வலை விரித்திருக்கிறது. அவற்றில் பல நேரம் இரண்டு கேஜ் இருக்கும். ஒன்று பெரிய குழாயின் அழுத்தத்தைக் காட்டும், மற்றது ரெகுலேட்டருக்குப் பின்னால் உள்ள சிறு அறையின் அழுத்தத்தைக் காட்டும். "சின்ன அறையில் காற்று கொஞ்சம்தான், சத்தம் போட்டுவிட்டுப் போய்விடும்" என்று இரண்டாவது கேஜில் கைவைப்பவர்கள் உண்டு. சிறு அறையில் அழுத்தம் குறைந்தால் அதை நிரப்புவதுதானே ரெகுலேட்டரின் வேலை? பெரிய குழாயில் இருக்கும் அத்தனை காற்றும் அந்த வழியே வந்துகொண்டே இருக்கும்.

ஒரே மாதிரி தெரியும் மூன்று மரைகள்

காற்றை ஒழுங்காக வெளியேற்றியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பழையது கழன்றது. புதியது எங்கே கிடைக்கும்? "எதையாவது 300 பார் கேஜ் வாங்கு, மரை எல்லாம் ஒன்றுதான்" என்கிறது கூட்டம்.

ஒன்றில்லை. பிரிட்டிஷ் வழக்கமான 1/8 பிஎஸ்பி மரையின் விட்டம் 9.7 மி.மீ., ஒரு அங்குலத்துக்கு 28 சுற்று, மரையின் கோணம் 55 டிகிரி, நேரான மரை. அமெரிக்க வழக்கமான 1/8 என்பிடி மரைக்கு ஒரு அங்குலத்துக்கு 27 சுற்று, கோணம் 60 டிகிரி, போகப் போகக் குறுகும் கூம்பு வடிவம். ஐரோப்பாவில் புழங்கும் எம்10 மரை 10 மி.மீ. விட்டம், சுற்றுக்குச் சுற்று 1 மி.மீ. மூன்றையும் மேஜையில் வைத்தால் கண்ணால் பிரித்தறிவது கஷ்டம். ஒன்றின் துளையில் மற்றொன்று ஓரிரண்டு சுற்று ஏறவும் செய்யும். அதற்குப் பிறகு இறுகும். "புதுசு இல்லையா, கொஞ்சம் டைட்டாகத்தான் இருக்கும்" என்று ஸ்பேனரில் பலத்தைக் கொடுத்தால் மரை சிதைந்துகொண்டே ஏறும். கடைசியில் கேஜ் நன்றாக உட்கார்ந்துவிட்ட மாதிரிதான் தோன்றும். மேலே சொன்ன 150 கிலோவைத் தாங்க வேண்டியது அந்தச் சிதைந்த மரை!

காற்றுக் கசிவை அடைப்பதிலும் இதே குழப்பம். கூம்பு மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது முறை. நேரான மரையில் காற்றைத் தடுப்பது மரை இல்லை, அடியில் உட்காரும் ஓ-ரிங்கோ ரப்பர் ஒட்டிய வாஷரோதான். அங்கே டேப் சுற்றினால் பலன் இல்லை என்பதோடு, பிய்ந்த துணுக்கு உள்ளே போய் வால்வையும், புதிய கேஜின் ஊசித் துளையையும் அடைக்கும். பழுது பார்க்கப் போய் அடுத்த பழுதுக்கு விதை போடுவது இதுதான்.

எண்ணெய் விஷயம் இன்னும் மோசம். ஓ-ரிங் சுலபமாக உட்கார ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுவது சைக்கிள் பட்டறைப் பழக்கம். உயர் அழுத்தக் காற்று வேகமாகப் பாயும்போது அழுந்திச் சூடேறும். அங்கே பெட்ரோலிய எண்ணெய் இருந்தால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. டீசல் எஞ்சின் ஓடுவதே இந்தத் தத்துவத்தில்தான். அதனால்தான் இந்த வேலைக்கு சிலிகோன் கிரீஸ், அதுவும் கடுகளவு.

எண்ணைக் கும்பிடுகிறவர்கள்

கேஜை மாற்றச் சொல்லிப் பறக்கிறவர்களில் பாதிப் பேரின் கேஜ் பழுதே ஆகியிருக்காது என்பது இன்னொரு வேடிக்கை.

"நேற்று 200-க்கு நிரப்பினேன், இன்று 187 காட்டுகிறது, கேஜ் போச்சு!" கேஜ் போகவில்லை. வேகமாக நிரப்பும்போது காற்று சூடாகும். 40 டிகிரியில் 200 பார் இருந்த காற்று 20 டிகிரிக்கு ஆறினால் 187 பார்தான் இருக்கும். பள்ளிக்கூட இயற்பியல் பாடம். அதே சூடு, அதே ஆறல் ஒவ்வொரு முறையும் நடக்கும்.

"சிலிண்டர் கேஜ் 200 என்கிறது, துப்பாக்கி கேஜ் 190 என்கிறது, எது பொய்?" இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஐரோப்பியத் தரமான இஎன் 837-ன்படி கேஜ்களுக்குத் துல்லிய வகுப்புகள் உண்டு. 2.5 வகுப்பு என்றால் மொத்த அளவுகோலில் 2.5 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம். 300 பார் கேஜில் அது 7.5 பார். 4 வகுப்பு என்றால் 12 பார். ஒன்று மேலே 7, மற்றது கீழே 7 என்று நின்றால் இரண்டுக்கும் நடுவே 14 பார் இடைவெளி. இரண்டும் 'சரியான' கேஜ்கள்தான்!

இந்தக் குட்டி கேஜ் ஒரு சோதனைக்கூடக் கருவி இல்லை. பைக்கின் பெட்ரோல் முள் எப்படியோ அப்படி. நிறைய இருக்கிறதா, தீரப்போகிறதா என்று சொல்லும். அதற்கு மேல் எதிர்பார்ப்பது அதன் தப்பில்லை.

கம்பெனிகளின் பங்கு

இவ்வளவையும் படித்துவிட்டு, "அதனால்தான் கம்பெனிக்கே அனுப்பச் சொல்கிறோம்" என்று தயாரிப்பாளர் தரப்பு மார்தட்டலாம். கொஞ்சம் பொறுங்கள்.

துப்பாக்கியைச் சர்வீசுக்கு அனுப்புவது என்றால் கூரியரில் போட வேண்டும். அழுத்தக் காற்று அடைத்த பொருள் அபாயகரமான சரக்கு. ஆகவே அனுப்பும் முன் குழாயைக் காலி செய்ய வேண்டியது உரிமையாளர்தான். அதாவது இந்த வேலையிலேயே ஆபத்தான கட்டம் எதுவோ, அதை வீட்டில், தனியாக, பழுதான கேஜை வைத்துக்கொண்டு அவரே செய்து முடிக்க வேண்டும். அதற்கு அப்புறம் மிச்சமிருக்கும் சாதாரண ஸ்பேனர் வேலையை நிபுணர்கள் பட்டறையில் செய்து தருவார்கள்! இதற்குப் பெயர் பாதுகாப்பா?

காற்றை வெளியேற்ற ஒரு சிறு திருகு இருந்தால் போதும். ஆலன் கீயால் அரைச் சுற்று திருப்பினால் காற்று மெதுவாகச் சீறி வெளியேறும். சீறல் நின்ற பிறகும் திருகைத் திறந்தே வைத்தால் உள்ளே எதுவும் தங்க வழியில்லை. எந்த முள்ளையும் நம்ப வேண்டியதில்லை. சில தயாரிப்பாளர்கள் இதை வைக்கவும் செய்கிறார்கள். ஆகவே முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. வைக்காத மாடல்களில் ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ், வால்தர், ஆன்ஷூட்ஸ் துப்பாக்கிகளில் காற்றுச் சிலிண்டர் தனியே கழன்று வரும். கேஜ் அந்தச் சிலிண்டரின் முனையிலேயே இருக்கும். சிலிண்டரில் தேதி இருக்கும், பொதுவாகப் பத்து ஆண்டு ஆயுள். சிலிண்டர் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு என்று சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதியே சொல்கிறது. அங்கே சந்தேகத்துக்குரிய கேஜ் என்றால் சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு வேறு சிலிண்டரை மாட்டிச் சுடலாம். காற்றுக்கு ஒரு ஆயுளும் ஒரு தேதியும் ஒரு பொறுப்பாளியும் அங்கே உண்டு. கொல்லைப்புறத்தில் தகர டப்பாவைச் சுடுபவருக்கு மட்டும் இதெல்லாம் ஏன் தேவையில்லை? அவர் குழாயில் இருப்பதும் அதே 200 பார்தானே?

இன்னொரு ஒப்பீடு. 2021 ஜூலையில் பிரிட்டனில் வந்த விதிப்படி, வாஷிங் மெஷின், பிரிட்ஜ், டிவி போன்றவற்றைத் தயாரிப்பவர்கள் உதிரி பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும். துணி துவைக்கும் மெஷினின் கதவு ரப்பருக்கு உள்ள மரியாதை, 200 பாரைத் தாங்கும் கேஜின் ஓ-ரிங்குக்கு இல்லை. மரை என்ன அளவு என்று ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகிவிடும்?

எதிர்வாதங்கள்

"விவரத்தை அச்சடித்தால் அரைகுறைகள் கைவைப்பார்களே?" நியாயமான கவலை. ஆனால் அரைகுறைகள் ஏற்கெனவே கைவைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: இப்போது ஊகத்தை நம்பிக் கைவைக்கிறார்கள். கையேட்டில் எழுதாமல் விட்டதால் எந்த ஸ்பேனரும் டூல் பாக்ஸை விட்டு வெளியே வராமல் இருந்ததில்லை. குக்கரைத் திறக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்ததால்தான் சமையலறைகள் தப்பித்தன. மறைத்து வைத்ததால் இல்லை.

"காற்றை வெளியேற்றும் திருகும் இன்னொரு ஓட்டைதானே, அதுவும் கசியாதா?" கசியலாம். அது உண்மை. ஆனால் கெட்டியான எஃகுத் திருகு ஒன்று, மெல்லிய சுருள் குழாயும் கண்ணாடியும் முள்ளும் கொண்ட கேஜைவிடச் சிக்கலான பொருள் இல்லை. கேஜுக்காக ஓட்டை போடத் தயங்காதவர்கள் பாதுகாப்புக்காகப் போடத் தயங்குவது விசித்திரம்.

"இதுவரை எத்தனையோ பேர் மாற்றியிருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே?" ஹெல்மெட் போடாமல் ஓட்டுகிறவர் சொல்கிற அதே வாதம். பதிலும் அதேதான்.

மாற்றிய பிறகு

கேஜை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. புது கேஜ் காட்டும் 190, பழைய கேஜ் காட்டிய 190 ஆக இருக்க வேண்டியதில்லை. ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கியில் வேகம் ஒரு மேடு மாதிரி ஏறி இறங்கும். அழுத்தம் மிக அதிகமாக இருக்கும்போது வால்வு குறைவாகத் திறப்பதால் வேகம் குறைவு. நடுவில் உச்சம். பிறகு காற்று தீரத் தீர இறக்கம். பழைய முள்ளைப் பார்த்துப் பழகியவர், புது முள்ளில் அந்த நல்ல பகுதி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று வேகமானியை வைத்து மறுபடி குறித்துக்கொள்ள வேண்டும்.

இதில் சட்டமும் இருக்கிறது. பிரிட்டனில் 1969-ம் ஆண்டு விதிகளின்படி, 12 அடி-பவுண்டுக்கு மேல் சுடக்கூடிய ஏர் ரைஃபிளுக்கு உண்மையான துப்பாக்கிகளுக்கு வேண்டிய அதே சான்றிதழ் வேண்டும். (ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் அதற்குக் கீழே உள்ளவற்றுக்கும் தனிச் சான்றிதழ் தேவை.) சட்டம் பார்ப்பது துப்பாக்கியால் எட்டக்கூடிய உச்சத்தை. பழைய கேஜின் பிழையால் அந்த மேட்டின் நடுப்பகுதிக்கு ஒருவர் வந்ததே இல்லாமல் இருக்கலாம். புது கேஜ் வந்ததும் வரலாம். முழு அழுத்தத்திலிருந்து கடைசி வரை எல்லா ஷாட்டையும் அளந்து பார்க்காதவருக்கு, தன் கையில் இருப்பது சட்டத்துக்கு உட்பட்ட துப்பாக்கியா என்பதே தெரியாது.

கேட்க வேண்டியது என்ன?

கேட்க வேண்டியவை நான்கே நான்கு. குழாயைக் காலி செய்ய ஒவ்வொரு பிசிபி துப்பாக்கியிலும் ஒரு திருகு. கேஜின் மரை அளவும் ஓ-ரிங் அளவும் கையேட்டில் ஒரு வரி. கேஜின் துல்லிய வகுப்பு முகப்பிலேயே ஒரு எண். நிரப்பும் அழுத்தத்துக்கு ஏற்ற அளவுகோல். நிலையான அழுத்தத்தைக் காட்டும் கேஜை அதன் அளவுகோலில் முக்கால் பங்குக்கு மேல் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்பதும் அதே ஐரோப்பியத் தரம் சொல்வதுதான். அந்தக் கணக்குப்படி 300 பார் கேஜ் 225 பார் வரைதான். 250 பாருக்கு நிரப்பும் துப்பாக்கியில் 300 பார் கேஜைப் பொருத்தினால் அதற்குக் காரணம் சிக்கனம். பொறியியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சுடுபவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. காற்று போய்விட்டது என்பதற்கு, மாற்றப்போகும் கேஜைத் தவிர வேறு ஒரு ஆதாரம் கையில் இல்லாத வரை ஸ்பேனரை எடுக்கக் கூடாது. திருகி வைத்த வெளியேற்றும் வழி திறந்திருப்பது ஆதாரம். முள் பூஜ்யத்தில் இருப்பது ஆதாரம் இல்லை. 'டொக்' சத்தம் ஆதாரம் இல்லை. "போன மாசமே தீர்ந்துபோச்சு" என்ற ஞாபகமும் ஆதாரம் இல்லை. கேஜ் கழல மறுத்தால் பலம் காட்டக் கூடாது. அது பசையாகவும் இருக்கலாம், உள்ளிருந்து தள்ளும் காற்றாகவும் இருக்கலாம். வெளியே நிற்கும் கைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். திருகும்போது சிறு சீறல் கேட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். முகத்தை அந்த நேர்க்கோட்டில் வைக்கவே கூடாது. சரியான வழி இல்லாத மாடல் என்றால், காற்றோடு பழகிய துப்பாக்கி மெக்கானிக்கிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

அஞ்சு நிமிஷ வேலைதான், ஒத்துக்கொள்ளலாம். குழாய் காலி என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு அது அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. அந்த நிச்சயத்தைக் கொடுக்கும் ஒரு திருகைக் கம்பெனிகள் வைக்கும் வரை, அந்த அஞ்சு நிமிஷத்துக்கு யாரோ ஒருவர் தன் கண்ணையும் விரல்களையும் பணயம் வைத்துக்கொண்டிருப்பார்.